உள்ளே போனது இரண்டு பேர்

டீசல் விலை இரண்டு தடவை ஏறி ஒரு தடவை இறங்கிய வருடத்தில், தீவிலிருந்த சாம்பல்கோழிகள் எண்ணக் கற்றுக்கொண்டன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாக் கோழிகளும் ஒரே காலையில் கற்றுக்கொண்டன. பெரிய எண்கள் பிறகுதான் வந்தன. முதல் நாள் இரண்டு வரைக்கும்தான் தெரிந்தது. அந்தத் தீவில் நடந்துகொண்டிருந்த விஷயத்துக்கு இரண்டே தாராளமாகப் போதும்.

தீவு சின்னது. துறைமுகத்திலிருந்து படகில் கிளம்பினால் ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் போய்ச் சேரலாம். நடுவில் ஒரு எரிமலை. அது நெருப்பைக் கக்கியது யாருடைய கொள்ளுத்தாத்தா காலத்திலோ. இப்போது உச்சியில் கொஞ்சம் புகையும் கரை முழுக்க வெதுவெதுப்பான கறுப்புச் சாம்பலும்தான் மிச்சம். அந்தச் சாம்பலை நம்பித்தான் கோழிகள் பிழைத்தன. சாம்பல்கோழி வீட்டுக்கோழி அளவுதான் இருக்கும், ஆனால் கால் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியது போல அத்தனை பெரியது. அது அடைகாப்பதில்லை. காலால் குழி பறித்து, முட்டையை இட்டு, மூடிவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். மீதியை மலை பார்த்துக்கொள்ளும். குஞ்சு பொரிந்து, தானே மண்ணை முட்டிக்கொண்டு மேலே வந்து, உடம்பை உதறிவிட்டு அன்றைக்கே பறக்கும். அம்மா என்று ஒருத்தி இருந்தது அதற்குத் தெரியவே தெரியாது.

வாரத்தில் பாதி நாள் அந்தத் தீவுக்குப் போய்வந்தவள் வனவிலங்குத் துறையில் வேலை பார்த்த ஒரு பெண். ஊரில் அவளை முன்னால் மேடம் என்றார்கள், பின்னால் கோழி மேடம் என்றார்கள். அவளுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. புதைத்துவிட்டுப் போன தாய் ஒரு தடவையாவது திரும்பி வந்து அந்த இடத்தைப் பார்க்கிறதா, இல்லையா? இல்லை என்று எல்லாப் புத்தகங்களும் அடித்துச் சொல்லின. அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அம்மா இல்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவனுக்குப் படிப்பு மண்டையில் ஏறவில்லை என்றதும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கடைத்தெருவில் ஒரு பேக்கரி வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். தன் கண்ணால் ஒரே ஒரு கோழி திரும்பி வருவதைப் பார்த்துவிட்டால் போதும் என்று, தலைமுடியில் பாதி நரைக்கும்வரை காத்திருந்தாள்.

அவளுடைய கணவன் படகு மெக்கானிக். முதல் தடவை அவள் தீவுக்குப் போனபோது நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட, அவன் இன்னொரு படகில் வந்து, வாயில் ஸ்பேனரைக் கவ்வியபடி அதைச் சரிசெய்தான். அடுத்த வருடம் கல்யாணம். நல்லவன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். குடிக்க மாட்டான், கத்த மாட்டான், மனைவியின் ஈரச் செருப்பை வெயிலில் காயவைத்து எடுத்து வைப்பான். இப்படிப்பட்டவர்களிடம்தான் நாம் அசந்துவிடுகிறோம்.

பறவையைக் கவனிக்கிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. ஆள் ஒளிந்திருக்கிற கூடாரத்துப் பக்கம் பறவை வராது. அதனால் இரண்டு பேராகக் கூடாரத்துக்குள் போவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மட்டும் வெளியே வந்து, எல்லாப் பறவைகளும் பார்க்கும்படி கையை வீசிக்கொண்டு நடந்து போய்விடுவார். ஆள் போயாகிவிட்டது என்று பறவைகள் நிம்மதியாகத் தங்கள் வேலையை ஆரம்பிக்கும். உள்ளே ஒருவர் இருப்பார்.

கல்யாணமான புதிதில் அவளே அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாள். "அதுங்களுக்கு எண்ணத் தெரியாது. நீங்க நல்லா தெரியற மாதிரி வெளிய போனா போதும், நான் இல்லவே இல்லைன்னு நெனச்சுக்கும்."

"பாவம்ல?" என்றான் அவன்.

"பாவம்தான். ஆனா இதனால அதுங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே."

அப்படியே வருடங்கள் போயின. காலையில் இருவரும் உள்ளே போவார்கள். அவன் வெளியே வருவான். அவள் துணியில் இருந்த ஓட்டை வழியாகப் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள், இருமல் வந்தால் துண்டைக் கடித்துக்கொள்வாள். அவன் வந்து கூப்பிடாமல் வெளியே வரக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். சாயங்காலம் அவன் திரும்பி வந்து உள்ளே போவான், இருவருமாக வெளியே வருவார்கள். ஒருவர் உள்ளே போய் இருவர் வெளியே வந்ததையும் கோழிகள் பெரிதுபடுத்தவில்லை. எண்ணத் தெரியாதவர்களுக்கு ஆச்சரியங்களும் குறைவு.

அவள் கூடாரத்துக்குள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மெக்கானிக் மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கக் கரைக்குப் போய் முட்டை தோண்டினான். இதைப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. முதல் வருடம் ஒன்றோ இரண்டோ எடுத்திருப்பான். பிறகு பை நிறைய எடுத்தான். பையின் மேலே எரிமலை கக்கிய நுரைக்கல்லைப் பரப்பி வைப்பான். குதிகால் தேய்க்க நல்லது என்று ஊரெல்லாம் இலவசமாகக் கொடுப்பான். அந்த ஊரில் ஒருவருக்கும் பித்தவெடிப்பு இல்லாமல் போனது அப்படித்தான். முட்டைகள் நேராக மைத்துனன் பேக்கரிக்குப் போயின. சாம்பல்கோழி முட்டையில் முக்கால்வாசியும் மஞ்சள்கரு. அதைப் போட்டுச் செய்த கேக் செவ்வந்திப் பூ நிறத்தில் இருந்தது, வாயில் வைத்ததும் கரைந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் ஆர்டர் வந்தது. என்ன முட்டை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காதும் காதும் வைத்த மாதிரி சாப்பிட்டார்கள். அவள் கடைப்பக்கம் வந்தால் பேச்சை மாற்றினார்கள், வாயைத் துடைத்துக்கொண்டார்கள், "மேடம், தீவுல கோழிங்க எல்லாம் சௌக்கியமா?" என்று விசாரித்தார்கள்.

சௌக்கியமில்லை. வருடா வருடம் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. அவள் சாம்பலில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தாள். சூடு பழையபடிதான் இருந்தது. இருந்தாலும் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஆழத்தில் எங்கோ மலை குளிர்ந்துகொண்டு வருகிறது, அதனால் முட்டைகள் உள்ளேயே வீணாகின்றன என்று அலுவலகத்துக்கு எழுதினாள். பெரிய பெரிய கூட்டங்களில் அதைப் படித்தார்கள், கைதட்டினார்கள். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். மெக்கானிக் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"மலைக்கு வயசாயிடுச்சு. நீ என்ன பண்ண முடியும்? எழுந்து வா, ஞாயித்துக்கெழமை அதுவுமா அழுதுகிட்டு."

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் சமையல். கல்யாணமான நாளிலிருந்து அதில் மாற்றமே இல்லை. அவளை அடுக்களைப் பக்கமே விடமாட்டான். நீ ரெஸ்ட் எடு என்று ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, தட்டில் தடிமனாக ஒரு ஆம்லெட் கொண்டுவந்து வைப்பான். வாத்து முட்டை என்பான். எந்தக் கடையில் இப்படி மஞ்சளாக வாத்து முட்டை கிடைக்கிறது என்று அவள் ஒவ்வொரு வாரமும் ஆச்சரியப்பட்டாள். கேட்டு வாங்கி இன்னொரு துண்டு சாப்பிட்ட வாரங்களும் உண்டு. முட்டை ஓடுகளை அவன் பொடியாக நொறுக்கிச் செடிக்குப் போட்டுவிடுவான். அந்த ஓட்டின் நிறத்தை இருட்டிலும் அடையாளம் சொல்லக்கூடியவள் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் கோழிகளுக்கு எண்ண வந்தது. வழக்கமான ஒரு காலை. இருவரும் உள்ளே போனார்கள், அவன் வெளியே வந்து கையை வீசிக்கொண்டு நடந்தான். கோழிகள் குழி பறிக்கத் திரும்பவில்லை. எல்லாம் கூடாரத்தைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. எண்ணும்போது மனிதர்கள் விரல் மடக்குவார்கள், கோழிகள் தலையைத் தாழ்த்தின. போனவனுக்கு ஒரு தடவை தாழ்த்திவிட்டு, இன்னொரு தடவைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவள் பாம்பு ஏதாவது இருக்கிறதோ என்று காலடியைத் தடவிப் பார்த்தாள். சாயங்காலம் வரை அவை அசையவில்லை. அவள் வெளியே வந்ததும் மொத்தமாக ஒரு தடவை தலையைத் தாழ்த்திவிட்டுக் கலைந்து போயின. படகில் திரும்பும்போது அவள் ஒரே பரபரப்பாக இருந்தாள்.

"அதுங்க எண்ணுது. நிஜமா எண்ணுதுங்க!"

மெக்கானிக் இன்ஜினையே பார்த்துக்கொண்டு, "சும்மா இரு" என்றான்.

எப்படி வந்தது என்று பின்னால் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். மலையிலிருந்து அந்த வாரம் வந்த புகைதான் காரணம் என்றார் ஒரு டாக்டர். இத்தனை வருடம் ஒரே மாதிரி ஏமாந்தால் யாருக்கும் கொஞ்சம் கணக்கு வரத்தான் செய்யும். எப்படியிருந்தாலும், எண்ண வந்தபிறகு அவற்றின் நிம்மதி போய்விட்டது. அதுவரை அவற்றுக்கு எதுவும் தொலைந்ததில்லை. இப்போது ஒவ்வொன்றும் தான் புதைத்த இடங்களுக்கு நடந்துபோய், கிளறி, தலையைத் தாழ்த்தித் தாழ்த்திப் பார்த்து, பிறகு கடல் பக்கம் திரும்பி நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சாம்பல்கோழி கடலைத் தாண்டி வந்து, அவர்கள் வீட்டு அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்தது. அவை தீவை விட்டு வந்ததே கிடையாது. மெக்கானிக் அப்போது கிண்ணத்தில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்று உடைத்தான், கோழி ஒரு தடவை தலையைத் தாழ்த்தியது. இன்னொன்று உடைத்தான், இன்னொரு தடவை தாழ்த்தியது. கையில் எது கிடைத்ததோ அதை எடுத்து வீசினான். கரண்டி போய் ஜன்னல் கம்பியில் பட்ட சத்தத்தில் அவள் எழுந்து வந்துவிட்டாள். மேடைமேல் ஓடுகள் கிடந்தன. இளஞ்சிவப்பும் மண்நிறமும் கலந்த, நீளவாக்கான ஓடுகள்.

அவள் ஒரு ஓட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு வாஷ்பேசினுக்கு ஓடிப்போய், அன்று எதுவும் சாப்பிட்டிருக்காவிட்டாலும், குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தாள். அவன் பின்னாலேயே வந்து தலையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். தட்டிவிட்டாள்.

"எத்தனை வருஷமா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, இதற்கும் தன்னிடம் நியாயம் இருக்கிறது என்பது போல நிமிர்ந்தான். "நீதானே சொன்னே, அதுங்களுக்கு எண்ணத் தெரியாதுன்னு. எடுத்தது தெரியவே தெரியாதுன்னா அதுல என்ன நஷ்டம்?"

"எனக்கு எண்ணத் தெரியுமே" என்றாள் அவள். "எண்ணி எண்ணித்தானே உங்க மடியில தலைய வச்சு அழுதேன்."

கோழி ஜன்னலிலிருந்து இறங்கி வந்து கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தது.

போட்டிருந்த செருப்போடு பேக்கரிக்குப் போனாள். தம்பி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கேக்மேல் யாரோ ஒரு குழந்தையின் வயதைக் கிரீமால் எழுதிக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. கிரீம் கோனைக் கீழே வைத்தான்.

"உனக்குமாடா தெரியும்?"

"நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல, அக்கா."

கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக ஃபேனையும் தரையையும் பார்த்தார்கள். அவள் அத்தனை முகங்களையும் பார்த்தாள். ஒருவர்கூட இதைக் கேட்டு அதிர்ச்சியடையவில்லை என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. புருஷன் ஒருவன் துரோகம் செய்தால் அழலாம், திட்டலாம், விட்டுத் தொலைக்கலாம். ஊரே சேர்ந்து சௌக்கியம் விசாரித்தபடி துரோகம் செய்தால் எந்தப் பக்கம் திரும்பி அழுவது?

அதற்கப்புறம் மெக்கானிக் அந்த வீட்டில் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஒரு காலையில் டூல் பெட்டியையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு, கடைத்தெரு முழுக்கப் பார்க்கும்படி நடந்து துறைமுகத்துக்குப் போனான். வீட்டுக்கு எதிரே மின்கம்பியில் சில நாளாகவே உட்கார்ந்திருந்த இரண்டு சாம்பல்கோழிகள் அவனுக்கு ஒரு தடவை தலையைத் தாழ்த்தின. படகு ஏறும்போது மைத்துனன் ஓடிவந்து, "அக்கா எங்க, மாமா?" என்று கேட்டான். அவள் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டாள், வேறு ஊரில் வீடு பார்த்திருக்கிறோம், எல்லாம் சமாதானமாகிவிட்டது என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. இருந்தாலும் தம்பி அதை நம்பினான். நம்பிவிட்டால் அக்கா முகத்தில் விழிக்க வேண்டியதில்லை பாருங்கள், அந்த நிம்மதிக்காகவே நம்பினான். ஊருக்கும் அதே நிம்மதி தேவையாக இருந்தது. ஒருவன் வெளியே போனதை எல்லோரும் பார்த்தார்கள். வீடு காலி என்று முடிவுகட்டினார்கள்.

அவள் உள்ளேதான் இருந்தாள். ஓசையில்லாமல் இருப்பது அவளுக்குத் தொழில். விளக்குப் போடாமல், ரேடியோ வைக்காமல், ஹாலில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டப்பாக்களில் இருந்த அரிசியும் பிஸ்கட்டும் அவளுக்குப் போதுமானதாக இருந்தன. பசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தன்னை நேசித்தவர்கள் என்று யாரையெல்லாம் நினைத்திருந்தாளோ ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்து ஓரமாக வைத்தாள். யாராவது கதவைத் தட்டுவார்கள் என்று ஆரம்பத்தில் எதிர்பார்த்தாள். தம்பியாவது வருவான் என்று நினைத்தாள். வாசலில் பேப்பர் போடுகிறவன்கூட நிறுத்திவிட்டான். மழைக்காலம் வந்தது. பக்கத்து வீட்டில், "காலி வீடுதானே" என்று காம்பவுண்டுக்குள் பழைய கட்டிலைத் தூக்கிப் போட்டது அவள் காதில் விழுந்தது.

மழை விடாத ஒரு வாரத்தில் சாம்பல்கோழிகள் வந்தன. முதலில் மின்கம்பியில் இருந்த இரண்டும் வாசலில் இறங்கின. பிறகு துறைமுகப் பக்கத்திலிருந்து கூட்டமாக நடந்து வந்தன. பறக்கத் தெரிந்தாலும் நடப்பதுதான் அவற்றுக்குப் பிடிக்கும். பெரிய கால்களால் தெருச் சேற்றை மிதித்துக்கொண்டு வந்து, வீட்டைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. பஸ் ஹாரன் அடித்துப் பார்த்தது, பிறகு வேறு தெருவழியாகப் போனது. தானியம் போட்டால் தின்னவில்லை, துரத்தினால் நகரவில்லை. தலையிலிருந்து மழை சொட்டச் சொட்ட, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அவள் மேல் பாசத்தால் வந்தன என்று சொல்ல முடியாது. அந்த வீட்டுக்குள் போனது இரண்டு பேர், வெளியே வந்தது ஒருவன். அவற்றுக்கு அவ்வளவுதான் தெரியும், இனிமேல் அதில் ஏமாறுவதாக இல்லை.

ஜன்னல் திரைச்சீலையில் ஒரு கிழிசல் இருந்தது. அவள் அதன் வழியாகப் பார்த்தாள். அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதன்முதலில் அவற்றை ஏமாற்றியவள் அவள்தான், யாரும் இல்லை என்று அத்தனை வருடம் நம்பவைத்தவள். தான் இன்னும் உள்ளே இருப்பதை இந்த ஊரில் கணக்கில் வைத்திருப்பவை அவை மட்டும்தான் என்பது புரிந்ததும், மெக்கானிக் போனபோதுகூட வராத அழுகை வந்தது. முகத்தைக் கழுவவில்லை. அப்படியே போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். துருப்பிடித்திருந்ததால் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் தம்பியும் இருந்தான். கையெல்லாம் மாவு. அவள் வாசலில் வந்து நின்றதும் அவன் வாய் பிளந்தது.

"அக்கா... நீ உள்ளயா இருந்தே?"

அவள் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கோழிகள் எல்லாம் சேர்ந்து ஒரு தடவை தலையைத் தாழ்த்தின. பிறகு திரும்பி, வந்த வழியே துறைமுகத்துக்கு நடந்தன.

பேக்கரி இப்போதும் இருக்கிறது. கேக் வெளிறிப்போய்விட்டது, வியாபாரம் சுமார். முட்டை எடுக்க யாரும் தீவுக்குப் போவதில்லை, போனால் போனவர் வீட்டு வாசலில் கோழிகள் வந்து நிற்கும், பஸ் வராது. அவள் வாடகைப் படகில் போய்வருகிறாள். கூடாரம் கிடையாது. சாம்பலில் எல்லாக் கோழிகளும் பார்க்கும்படி உட்கார்ந்துகொள்கிறாள். வரும்போது ஒரு தலையசைப்பு, போகும்போது ஒன்று, நடுவில் அவை தங்கள் வேலையைப் பார்க்கின்றன. மலை குளிரவில்லை என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டாள். இன்னொன்றும் எழுதினாள்: சாம்பல்கோழி, மூடிவிட்டு வந்த இடத்தை மறப்பதில்லை, உள்ளே இருப்பது வெளியே வந்துவிட்டதா என்று திரும்பி வந்து பார்க்கிறது. எந்த இடத்தில் பார்த்தீர்கள் என்று அலுவலகம் கேட்டிருந்தது. என் வீட்டு வாசலில் என்று பதில் போட்டாள். அதையும் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள்.